முப்பத்தெட்டுச் சுழி வளையல்

2025 ஆகஸ்ட் 6, புதன்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். சிறுவாணித் தண்ணீர் 5.45-லிருந்து 6.30 வரை வந்தது. இரண்டு டிரம், ஒரு குடம். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. 8.05-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பி 8.25-க்கு ஆவாரம்பாளையத்தில் இருக்கும் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டருக்கு பேட்டரி மாற்றினேன். முதல் மோட்டாரை 8.50-க்கு ஓடவிட்டேன்.

என் டைரியில் பெரும்பாலான நாள்கள் இப்படித்தான் இருக்கும். அன்றைய பக்கத்தில் அடுத்த வரி மட்டும் வேறு மாதிரி: "9.40. அம்மணி வந்து, தப்பு செய்துவிட்டதாகச் சொன்னார். நான் சிரித்தேன்."

ஏன் சிரித்தேன் என்பது புரிய வேண்டுமானால் அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுடையது விவசாயப் பம்புகளுக்கு மோட்டார் செய்யும் சின்னப் பட்டறை. மொத்தம் பதினோரு பேர். அம்மணி காயில் சுற்றுபவர். மோட்டாருக்குள் உட்காரும் செம்புக் கம்பிச் சுருளைக் கைமிஷினில் சுற்றி, ஸ்டேட்டர் என்கிற இரும்புக் கூட்டில் இறக்கி, நூலால் கட்டித் தருவார். கடைசியில் அது என் மேஜைக்கு வரும். ஓடவிட்டு, கரண்ட் வரும் மூன்று பேஸிலும் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, சரியாக இருந்தால் டிக் போடுவேன். பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. முதலாளியிலிருந்து வேன் ஓட்டுபவர் வரை எல்லாரும் அவரை அம்மணி என்றே கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். போன கார்த்திகையில் அவர் குடும்பத்தோடு சோமனூருக்குக் குடிபோய்விட்டார்.

கைமிஷினில் சுற்று எண்ணும் மீட்டர் ஒன்று உண்டு. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் சுற்றுவார்கள். அம்மணி அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுவார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றி, முடிந்ததும் கைக்குட்டையைத் தூக்கிப் பார்ப்பார். மீட்டரும் வாயும் ஒரே எண்ணைச் சொன்னால் அவருக்கு ஒரு வெற்றி. பக்கத்து மிஷின்காரப் பெண்ணிடம் உள்ளங்கையைக் காட்டுவார், அவள் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை நான் கவனித்தேன். இருபத்தாறு முறை தூக்கினார், இருபத்தாறு முறையும் தட்டு விழுந்தது. மீட்டரைப் பார்த்தே சுற்றினால் என்ன என்று கேட்டேன். பார்த்துச் சுற்றினால் அது மீட்டரின் வேலை, தனக்கு அதில் என்ன இருக்கிறது என்றார்.

அவருக்கு எதுவும் வெறும் வேலையாக இருந்தால் ஆகாது. டீ வந்தால் டம்ளரில் ஆடை எத்தனை நிமிடத்தில் படியும் என்று பந்தயம் கட்டுவார். பந்தயத்தில் தோற்றவர் அன்று முழுவதும் எதிராளியைப் பெரியப்பா என்றோ சின்னம்மா என்றோ கூப்பிட வேண்டும். நான் ஒரு வாரம் தொடர்ந்து தோற்று வேன் ஓட்டுபவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர்.

நகை செய்யும் ஆட்டம் 2025 பிப்ரவரியில் ஆரம்பித்தது. கைநீளத்துக்குக் குறைந்த துண்டுக் கம்பி காயிலுக்கு ஆகாது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மேலே இனாமல் பூசிய செம்புக் கம்பி, வெயிலில் காட்டினால் பழுத்த பாக்குப்பழ நிறத்தில் மின்னும். அம்மணி அதில் தோடு, மோதிரம் என்று ஏதாவது வளைத்துக்கொண்டிருப்பார். அந்த மாதம் அவர் மகள் புதுப் போன் வாங்கி, பழையதை அம்மாவிடம் கொடுத்தாள். அதில் ஏஐ இருந்தது. பேசினால் பதில் பேசும், படம் காட்டினால் என்னவென்று சொல்லும்.

முதல் நாள் அவர் ஒரு மூக்குத்தியைச் செய்து, சாப்பாட்டு நேரத்தில் அதைப் படம் எடுத்து, இது என்ன என்று கேட்டார். கம்பியை ஒரு சுழி சுழித்து முனையை நீட்டிவிட்டிருந்தார். அது நிதானமான அச்சுத் தமிழில், "இது ஒரு நத்தையின் சிற்பம் போலத் தெரிகிறது" என்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தோம். அம்மணி சிரிக்கவில்லை. மூக்குத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, நத்தைதான் என்று சொல்லிவிட்டு, மறுநாள் நிஜமாகவே ஒரு ஜோடி நத்தைத் தோடு செய்துகொண்டு வந்தார். கொம்பு, ஓடு எல்லாம் இருந்தது. அதைப் படம் காட்டினார். ஏஐ, "இது ஜாங்கிரி" என்றது.

அதற்குள் விதி பிறந்துவிட்டது. அது எதைச் சொல்கிறதோ அதுதான் அடுத்த நகை. அது சரியாகச் சொல்லும் நாள் ஆட்டம் முடியும். தோற்றால் அதுவரை செய்ததையெல்லாம் பிரித்துக் கம்பியாக்கிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை அவராகத்தான் சேர்த்தார். தோற்றால் ஒன்றும் போகாது என்றால் அது ஆட்டமே இல்லையாம்.

அந்த வரிசை என் டைரியில் இருக்கிறது. ஜாங்கிரிப் பதக்கம் செய்தார், அது கைரேகை என்றது. கைரேகை மோதிரம் செய்தார். தன் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் பதித்து, பூதக்கண்ணாடி வைத்து வரிக்கு வரி கம்பியை வளைத்தார், ஒன்பது நாள் ஆனது. அதை மலைப்பாதையின் வரைபடம் என்றது. உடனே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையைக் கழுத்துச் சங்கிலியாகச் செய்தார். கொண்டை ஊசி வளைவில் ஒன்று குறைகிறதே என்று நான் எண்ணிச் சொன்னேன்.

"அந்த வளைவுல பஸ்ஸு நிக்குதுங்ணா, பின்னால வர்றவிய காத்திருக்கோணும்" என்றார்.

ஏஐக்குக் கொழுந்தனார் என்று பெயர் வைத்திருந்தார். புருஷனின் தம்பியைக் கேலி பேசலாம், கோபித்துக்கொள்ள மாட்டார், எவ்வளவு சீண்டினாலும் மரியாதையாகவே பதில் சொல்வார் என்பது அவர் சொன்ன காரணம். காக்கைக்குக் கொலுசு போட்டால் பறக்குமா என்று ஒருநாள் கேட்டார். காக்கையின் எடை, கொலுசின் எடை, கால் சிக்கிக்கொள்ளும் அபாயம் என்று அது முழு அக்கறையோடு விளக்கியது. கடைசியில், பறவைகளுக்கு அணிகலன் அணிவிக்காமல் இருப்பதே நல்லது என்றது. "கொழுந்தனாரு காக்காய்க்கு நோவுமேன்னு கவலப்படறாருங்க" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அது தப்பாகச் சொன்னதும் உண்டு. இனாமல் பூசிய கம்பியை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டினால் தங்க நிறம் வரும் என்றது. காட்டினார். கரிப்பிடித்து நாற்றம் அடித்தது. அதைச் சொன்னதும் அது மன்னிப்புக் கேட்டு, காரணமும் சொன்னது. சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு மன்னிப்புக் கேட்டதில்லை என்றார். கரிந்த அந்தத் துண்டை எறியவில்லை. ஒரு வண்டு செய்து அதற்கு முதுகாக வைத்தார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்த ஆட்டத்தை ஆடுவது இரண்டு பேரா, ஒருவர்தானா? மே மாதம் ஒருநாள், அவர் கை கழுவப் போனபோது அதனிடமே கேட்டேன். நீ விளையாடுகிறாயா? அது நீளமாக, நயமாக ஏதோ சொன்னது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்த அம்மணியிடம் சொன்னேன்.

"அதுக்கு ஆடறோம்னே தெரியாதுங்ணா. தெரிஞ்சா ஜெயிக்கப் பார்க்கும். அப்பறம் எனக்கு நத்தையை ஆரு குடுப்பா?" என்றார்.

அதே நாளில் நான் ஒரு காரியத்தைக் கெடுத்தேன். அவர் அப்போது காட்டவிருந்தது சிலந்திவலை மாதிரி ஒரு நெற்றிச்சுட்டி. அதற்கு முந்தைய நகைக்கு ஏஐ சொன்ன விடை சிலந்திவலை. படத்தை அனுப்பும்போது, இது நகை, எந்த நகை என்று பார்த்துச் சொல் என்று நான் பக்கத்திலிருந்து சேர்த்துச் சொல்லிவிட்டேன். முழு விவரம் கொடுத்தால்தானே சரியான பதில் வரும் என்பது என் எண்ணம். அது உடனே "நெற்றிச்சுட்டி" என்றது. நான் கைதட்டினேன். அம்மணி போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த விடை செல்லாது என்று தீர்ப்பானது. எனக்குத் தண்டனை, மூன்று நாள் வாயால் எந்த எண்ணையும் சொல்லக் கூடாது. டெஸ்டிங் செய்கிறவனுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று பாருங்கள். மறுநாள் காலை 11.10-க்குத் தோற்றேன். முதலாளி மணி என்ன என்று கேட்டார், சொல்லிவிட்டேன்.

செய்த நகையை அவர் விற்றதில்லை. வேன் ஓட்டுபவரின் மனைவி நத்தைத் தோட்டைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினார். விற்றுவிட்டால், தோற்கும் நாளில் எதைப் பிரிப்பது என்று மறுத்துவிட்டார். தினமும் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார். மிஷின் ஓடும்போது கழற்றி டிபன் டப்பா மூடியில் வைப்பார். வீட்டுக்குப் போனால் போன் பேரன் கையில், அடுப்பு தன் கையில் என்பார். சாப்பாட்டு நேரத்து முப்பது நிமிடம், பட்டறைத் துண்டுக் கம்பி, பட்டறை மிஷின். ஆட்டம் நடந்தது அங்கே மட்டும்தான்.

அவருடைய முகம் ஆட்டத்தில் இல்லாதபோது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருடத்தில் பார்த்ததில்லை. "நெசமாத்தானுங்ணா", "ஆட்டமில்லீங்ணா" என்று அவர் சொன்னபோதெல்லாம் அதற்கு அடுத்த நிமிடம் யாராவது பெரியப்பா ஆகியிருக்கிறார்கள்.

ஆகவேதான் புதன்கிழமை காலை 9.40-க்கு அவர் என் மேஜைக்கு வந்து நின்றபோது சிரித்தேன்.

"ஏனுங்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. நேத்து மேட்டுப்பாளையத்துக்குப் போன அஞ்சு எச்.பி.ல ஒரு காயிலை முப்பத்தெட்டாச் சுத்திப்போட்டனுங்க."

அந்த மோட்டாரில் ஒவ்வொரு காயிலும் நாற்பத்திரண்டு சுற்று இருக்க வேண்டும். இதற்கு நான் என்ன பதில் சொன்னால் தோற்பேன் என்று கேட்டேன். அவர் ஒரு வளையலை எடுத்து என் முன்னால் வைத்தார். எண்ணிப் பாருங்கள் என்றார்.

கடைசியாக அவர் செய்துகொண்டிருந்தது அந்த வளையல். அதற்கு முந்தைய நகையை ஏஐ 'பூ வளையம்' என்று சொல்லியிருந்தது. பித்தளை வளையத்தின் மேல் ஸ்பிரிங் மாதிரிச் சுழித்த கம்பியைக் கோத்து, சுழிகளை இதழ் இதழாக விரித்துவிடுவது திட்டம். தன் வளையல் அளவையும் கம்பியின் தடிமனையும் சொல்லி, எத்தனை சுழி வேண்டும் என்று அதனிடமே கேட்டிருந்தார். கொக்கிக்கு இடம் விட்டு முப்பத்தெட்டு என்றது.

அந்தச் சுழிகளைச் சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கைமிஷினில் மெல்லிய கம்பி ஒன்றை மாட்டிச் சுற்றினார். மீட்டர்மேல் கைக்குட்டை. மணி அடித்ததும் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, பாக்கியிருந்த ஒரே ஒரு மோட்டார் காயிலைச் சுற்றினார். அதற்கும் கைக்குட்டை.

புதன்கிழமை காலை வேலைக்கு முன்பு வளையலைக் கோத்தபோது கொக்கி மாட்டவில்லை. சுழிகள் நெருக்கியடித்துக்கொண்டு கொக்கிமேல் ஏறி நின்றன. இருக்கட்டும் என்று அப்படியே படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். "இது ஒரு மின்மோட்டாரின் காயில் போலத் தெரிகிறது" என்றதாம். முதலில் சிரித்தாராம். அடுத்த நகை மோட்டார் காயிலா, அதைத்தானே முப்பது நாளும் சுற்றுகிறேன் என்று அதனிடம் சொன்னாராம். பிறகு ஏன் இவ்வளவு நெருக்கம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நான் எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு. மோட்டாரின் எண் வளையலில் இருந்தது.

"சாப்பிட்டு வந்து சுத்துனப்ப கைக்குட்டையைத் தூக்குனனுங்க. மீட்டரு முப்பத்தெட்டு. என்ர வாயும் முப்பத்தெட்டு. சரியாப்போச்சுன்னு கையக்கூடத் தட்டுனமுங்க" என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை நான் பார்த்திராத முகம் அது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர் முதலாளியிடம் போனார். நான் பதிவேட்டைத் திறந்து திங்கட்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை சுற்றி முடித்தது ஒரே ஸ்டேட்டர்தான், அதனால் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் பேஸ் 3.2. இரண்டாவது பேஸ் 3.2. மூன்றாவது பேஸ் 3.4. பக்கத்தில் டிக். பேஸுக்குப் பேஸ் 0.2 வரை வித்தியாசம் போகலாம் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. ஆனால் சரியாக 0.2 வந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். பதினாறு வருடமாக அப்படித்தான். திங்கட்கிழமை மாலை வேனில் மற்ற மோட்டார்களை ஏற்றிவிட்டு இதற்காகக் காத்திருந்தார்கள். வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. டிக் போட்டேன். வேனும் அன்று கிளம்பவில்லை, மறுநாள் காலையில்தான் போனது.

பதிவேட்டை மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளியும் முதலில் நம்பவில்லை. யாரோடு பந்தயம் அம்மணி என்றுதான் கேட்டாராம். நான் போய், வளையலை எண்ணியதைச் சொன்ன பிறகு யோசித்தார். மோட்டார் போயிருப்பது மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு பாக்குத் தோப்புக்கு. பழைய மோட்டார் எரிந்து எட்டு நாளாகத் தண்ணீர் பாயாத தோப்பு. சுற்று குறைந்த மோட்டாரும் ஓடும். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் சூடாகிச் சூடாகி ஒருநாள் எரியும். அந்தக் குடும்பம் மறுபடி தண்ணீரில்லாமல் நிற்கும். கையிருப்பில் இருந்த இன்னொரு ஐந்து எச்.பி.யை வேனில் ஏற்றச் சொன்னார். என்னையும் அம்மணியையும் போகச் சொன்னார். பிறகு அம்மணியிடம்,

"நாளைக்கு மோட்டாரை வெட்டிப் பார்க்கலாமுங்க. நெசமா முப்பத்தெட்டா இருந்துச்சுன்னா போனு இனி ஊட்லயே இருக்கட்டும். துண்டுக் கம்பியும் வேண்டாம். வெளையாட்டு வேற, மோட்டாரு வேறங்க அம்மணி" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

"சரிங்க" என்றார் அம்மணி.

வேனில் ஒன்றரை மணி நேரம். அவர் வளையலைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். காரமடை தாண்டியபோது 3.4-ஐச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், முப்பத்தெட்டாக இருக்காது என்று ஒரு மனசு சொல்கிறது, இரண்டு முறையும் மோட்டார் கணக்கில் நாற்பத்திரண்டே எண்ணியிருப்பேனோ என்றார். ஆமாம், இருக்கலாம் என்று சொன்னேன். எண்ணிக்கை விஷயத்தில் நான் தெரிந்தே சொன்ன பொய் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தோப்பில் மோட்டாரை மாட்டி அப்போதுதான் ஓடவிட்டிருந்தார்கள். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியிருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் கொட்டியது. தோப்புக்கார அம்மாவுக்கு எங்கள் பேச்சு பிடிக்கவில்லை. இவ்வளவு நன்றாகக் கொட்டுகிறதை எதற்குக் கழற்றுகிறீர்கள், வேறு யாருக்காவது இதை ஒப்புக்கொண்டுவிட்டீர்களா என்று கேட்டார். நான் ஆம்பியர், பேஸ் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் அது ஏறவில்லை.

அம்மணி அந்த அம்மாவின் கையைப் பிடித்து மோட்டாரின் மேல் வைத்தார்.

"சுடுதுங்களா? ஓடவிட்டு ஒருமணி நேரங்கூட ஆகலீங்க. இதைச் சுத்துனது நானுங்க. தப்பாச் சுத்திப்போட்டேன். வேற மோட்டாரு கொண்டாந்திருக்கறோம், பொழுதோட மாட்டிக் குடுத்துட்டுத்தான் போவோமுங்க."

அந்த அம்மா கையை எடுத்துப் பார்த்தார். எத்தனையோ பேர் மோட்டார் விற்க வந்திருக்கிறார்கள், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை என்றார். கழற்றச் சொன்னார். நாங்கள் புது மோட்டாரை மாட்டி, நான் இரண்டு முறை ரீடிங் எடுத்து முடித்தபோது மாலை 5.50. எங்களுக்கு மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பும் வழியில் அம்மணி தூங்கிவிட்டார்.

மறுநாள், ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை. பட்டறை திறந்ததும் முதலில் ஸ்டேட்டரை எடுத்தோம். வார்னிஷில் முக்கி அடுப்பில் சுட்ட காயிலைப் பிரித்து எண்ண முடியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளைவை உளியால் வெட்டி, வெட்டுவாயில் தெரியும் கம்பி முனைகளை எண்ண வேண்டும். முதலாளி உளியோடு வந்து நின்றார். மொத்தம் பன்னிரண்டு காயில். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கடைசியாக இறக்கியது எது என்று அம்மணிக்கு நினைவில்லை.

எந்தப் பக்கமிருந்து வெட்டலாம் என்று முதலாளி கேட்டார்.

"மூணாவது பேஸுங்க" என்றேன்.

எப்படித் தெரியும் என்றார். நான் பதிவேட்டைக் கொண்டுவந்து திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

"அன்னைக்கே தெரிஞ்சுதுங்க. மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கோணும். பார்க்காம டிக் போட்டுட்டனுங்க. நேத்தே சொல்லியிருக்கோணும், அதையும் சொல்லலைங்க."

அவர் அந்த வரியைப் படித்தார். பக்கத்தைத் திருப்பி முந்தைய வாரத்தையும் படித்தார். உளியை வைத்து மூன்றாவது பேஸின் நான்கு காயிலையும் வெட்டினார். நான் குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு. நான்காவதை மூன்று பேரும் குனிந்து ஒன்றாக எண்ணினோம். முப்பத்தெட்டு.

அம்மணி போனை இடுப்பிலிருந்து எடுத்து, துடைத்து, முதலாளியின் மேஜைமேல் வைத்தார். தன் இடத்துக்குப் போகத் திரும்பியவர் நின்றார்.

"ஏனுங்க மொதலாளி, என்ர கையில போனு இருந்துச்சு, புடுங்கிப்போட்டீங்க. இந்த அண்ணன் கையில ஒண்ணுமே இல்லியே. இவருகிட்ட எதைங்க புடுங்குவீங்க?"

சொன்னது கேலியா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. முதலாளிக்கும் தெரிந்திருக்காது. அவர் உளியைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்து அம்மணியிடம் நீட்டினார். இனி சுற்ற ஆரம்பிக்கும் முன்பு எத்தனை சுற்று என்பதை எல்லாரும் சாக்பீஸால் மிஷின்மேல் எழுதிவிட்டுச் சுற்ற வேண்டும் என்றார். அது மோட்டாராக இருந்தாலும் சரி, வளையலாக இருந்தாலும் சரி. 0.2 வந்தால் நான் இரண்டாவது ரீடிங்கையும் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதாமல் வேனுக்குப் போகக் கூடாது.

அம்மணி சாக்பீஸை வாங்கிப் போய் மிஷின்மேல் 42 என்று பெரிதாக எழுதினார். நான் திங்கட்கிழமைப் பக்கத்தில் இருந்த டிக்கின்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 38 என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தேன்.